அங்கன்வாடிக் கூட்டத்துக்குப் போகிறீர்களா?

செப்டம்பர் வந்தால் அங்கன்வாடிகளில் ஊட்டச்சத்து மாதம் களைகட்டும். கோலத்தையும் காய்கறிக் கண்காட்சியையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே நடக்கும் பேச்சில்தான் விஷயம் இருக்கிறது.

கேள்விகளை வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு போங்கள். "கீரை சாப்பிட்டும் ரத்தசோகை ஏன்?" என்று கேளுங்கள். ஒரு காரணம் இது: சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாக ஒட்டும்.

அங்கே தரும் சத்துமாவைக் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். ஈரக் கரண்டி கூடவே கூடாது.

சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மறுபடி சூடாக்கும்போது ஓரம் கொதித்தால் போதாது, நடுவிலும் ஆவி பறக்க வேண்டும்.

பாக்கெட் உணவில் தேதியோடு 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் தேடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு மாமியாரையும் வீட்டுக்காரரையும் கூட்டிப்போங்கள். என்ன வாங்குவது, என்ன சமைப்பது என்பதை முடிவு செய்பவர்கள் பல வீடுகளில் அவர்கள்தான்.