கோடைக்கால உழைப்பும் ஓய்வும்

தை, மாசி மாதங்களில் அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின், ஆடியில் விதைப்புத் தொடங்கும் வரையில் மானாவாரிக் கிராமங்களில் வேலை குறைவு. பள்ளிக்கூடங்களும் இக்காலத்திலேயே மூடப்படுகின்றன. ஆகையால் கோடையை வீண் காலமென்று கருதுவோர் பலர். வேறு சிலரோ, எடுத்த வேலையை முடிக்கும் ஆவலால் உச்சி வெயிலையும் பொருட்படுத்தாது உழைத்துத் தேக சுகத்தை இழக்கின்றனர். இவ்விரண்டும் தவறாகும். கோடையில் செய்யத்தக்க வேலைகள் உண்டு. அவற்றிற்குரிய நேரமும் உண்டு. அந்நேரம் நண்பகலன்று.

1. வெயில் உடலைத் தாக்கும் விதம்

மனித உடலின் உஷ்ணம் சாதாரணமாக 37 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கும். உழைக்கும்போது உடலினுள் எழும் சூட்டை வியர்வை உலர்ந்து தணிக்கின்றது. வியர்வையுடன் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. அவற்றை ஈடு செய்யாவிடில் தலைவலி, தசைப்பிடிப்பு, மயக்கம் ஆகியவை தோன்றும். அதன்பின்னும் வெயிலில் நின்றால் உடற்சூடு 40 டிகிரிக்கு மேற்பட்டு, பேச்சுக் குழறி, நினைவு தப்பும். இதுவே உயிருக்கு அபாயமான வெயில் தாக்கு.

அவ்வாறு விழுந்தவரை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரால் நனைத்து விசிறவேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றலாகாது. தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

2. கோடை உழவு

சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது பழமொழி. கோடை மழை பெய்து மண் ஈரமாயிருக்கும்போது, சரிவுக்குக் குறுக்காக உழுதல் நலம். அதனால் பின்வரும் மழைநீர் ஓடிப்போகாமல் நிலத்தில் இறங்கும். கோரை, அருகு முதலியவற்றின் கிழங்கும் வேரும் மேலே வந்து காயும். நிலக்கடலையை அழிக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மண்ணினின்று வெளிப்பட்டு, வெயிலாலும் பறவைகளாலும் அழியும்.

3. ஏரி வேலை

நீர் வற்றிய ஏரியில் கரையைப் பலப்படுத்தவும், வரத்துக் கால்வாயைத் திருத்தவும் கோடையே தக்க காலம். ஊரார் கூடி ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்து வழக்கத்திற்குச் சென்னை மாகாணத்தில் 1858-ஆம் வருஷத்துச் சட்டம் ஆதாரமளித்தது. அப்பெயராலேயே தமிழ்நாட்டு அரசாங்கம் 2017-ஆம் வருஷத்தில் ஏரிச் சீரமைப்பு வேலைகளைத் தொடங்கிற்று. உரிய அனுமதி பெற்று எடுக்கும் வண்டல் மண் வயலுக்கு நல்ல எருவாகும்.

4. நாளைப் பகுத்துக்கொள்ளுதல்

விடியுமுன் ஏர் பூட்டி, பத்து மணிக்குள் அவிழ்த்துவிடுதல் உத்தமம். மாலை நான்கு மணிக்குமேல் மீண்டும் வேலை தொடங்கலாம். இடைப்பட்ட நேரத்தில் நிழலிலமர்ந்து கயிறு திரித்தல், கூடை முடைதல் போன்ற இலேசான காரியங்களைச் செய்யலாம். சற்று உறங்குவதும் குற்றமன்று. தாகம் எடுக்குமுன்னரே நீர் அருந்தவேண்டும். உப்பிட்ட நீர்மோரும் கேழ்வரகுக் கூழும் ஏற்றவை. மது தீங்கு விளைவிக்கும். எருதுகளுக்கும் நிழலும் நீரும் இவ்வாறே வேண்டும்.

வெயில் வேலைக்கு உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் செல்லும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகளை முதல் நாளிலேயே நெடுநேரம் வயலில் நிறுத்தலாகாது. நீச்சல் அறிந்த பெரியவர் துணையின்றி அவர்களைக் கிணற்றில் இறங்கவிடுதலும் கூடாது.

5. திருவிழாவும் தூக்கமும்

ஆர்க்காட்டுப் பகுதிக் கிராமங்களில் திரௌபதியம்மன் விழா கோடையிலேயே நடைபெறுவது பெருவழக்கு. பிற்பகலில் பந்தலின்கீழ்ப் பாரதப் பிரசங்கமும், இரவில் கூத்தும் நிகழும். வெயில் நேரத்தில் ஊரார் நிழலிலிருந்து கதை கேட்கும் இவ்வேற்பாடு சிறந்ததே. ஆயினும், இரவெல்லாம் விழித்துக் கூத்துப் பார்த்தவர் மறுநாள் உறக்கமின்றி வெயிலில் உழைத்தல் ஆபத்தாகும். கூத்துக்குச் செல்வோர் மறுநாள் வேலையைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும்.

6. கூலியாட்களின் ஓய்வு

சொந்த நிலமுடையவர் விரும்பியபோது ஏரை நிறுத்தலாம். கூலியாளோ, நிலக்காரர் இசைந்தாலன்றி நிறுத்தமுடியாது. கூலி குறையுமென்றஞ்சி மயக்கத்தையும் மறைப்பான். ஆதலின் வேலை நேரத்தை மாற்றியமைப்பதும், குடிநீரும் நிழலும் அளிப்பதும், ஓய்வு நேரத்திற்காகக் கூலியைக் குறையாதிருப்பதும் நிலக்காரர் கடமையாகும். காலைக் குளிர்ச்சியில் ஐந்து மணி நேரம் உழைப்பவன், உச்சி வெயிலில் உழைப்பவனைக் காட்டிலும் மிகுதியாகவே வேலை செய்வான்.

மே மாதம் 4-ந் தேதியை ஒட்டித் தொடங்கி 28-ந் தேதியை ஒட்டி முடியும் அக்கினி நட்சத்திர நாட்களில் இவ்விதிகளை ஒவ்வொரு கிராமமும் ஊர்க் கட்டுப்பாடாகவே ஏற்றுக்கொள்ளல் நன்று. நண்பகலில் நிழலில் இருப்பவனைச் சோம்பேறியென்று ஏசும் வழக்கம் ஒழியவேண்டும். ஆடியில் விதைக்கும் கைகள் கோடையில் காக்கப்பட வேண்டியவை.