அதே பாட்டு, கேட்கிற ஆள் வேற

அரீதா ஃப்ராங்க்ளின் பாடின 'ரெஸ்பெக்ட்' கேட்டிருப்பீங்க. அதை எழுதினது ஒரு ஆண்னு தெரியுமா? ஓட்டிஸ் ரெடிங், 1965. அவர் பாட்டில், சம்பாதிச்ச காசோட வீட்டுக்கு வர்ற ஆண் தன் பெண்ணிடம் மரியாதை கேட்கிறான். அவ்வளவுதான்.

1967-ல் அரீதா அதைத் திருப்பிப் போட்டார். இப்போ வீட்டுக்கு வர்றவனிடம் பெண் கேட்கிறாள். காசும் அவள் கையில்தான். கெஞ்சல் இல்லை, நிபந்தனை! தலைப்பின் ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்கிற இடம் ஓட்டிஸ் பதிவில் கிடையாது. பின்னணிக் குரல் அக்கா எர்மாவும் தங்கை கரோலினும். அதனால ஒருத்தி கேட்கிற மாதிரி இல்லாம, வீட்டுப் பெண்கள் மொத்தமா வந்து நிற்கிற மாதிரி இருக்கும். எனக்குப் பிடிச்சதே இதுதான்.

பில்போர்டு ஹாட் 100-ல் 2 வாரம் முதலிடம். ஆனா அமெரிக்காவில் எஃப்.எம். ரேடியோவில் பாட்டு ஓடினா ராயல்டி எழுதினவர் தரப்புக்குத்தான், பாடினவருக்கு இல்லை. ஊரே அரீதா பாட்டுன்னு சொல்லும். ரேடியோ காசு மட்டும் அவருக்கு வராது.

ரெண்டு பதிவையும் ஹெட்போன் போட்டு அடுத்தடுத்து கேளுங்க. முதல்ல ஓட்டிஸ்.