எடை இறங்காமல் நின்றுவிட்டால்

கியா பார்ம் மேட்டில் காலையில் என்னுடன் நடக்கும் அன்பர்கள், "முதலில் இறங்கிய எடை இப்போது அசையவில்லையே!" என்பார்கள். காரணம் எளிது. 80 கிலோ உடல் 70 ஆனால், அதே நடைக்கு எட்டில் ஒரு பங்கு சக்தி குறைவாகவே செலவாகும். உடலின் அன்றாடத் தேவையும் குறைந்துவிடும்.

70 கிலோ உள்ளவர் சமதரையில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 245 கலோரி செலவாகும். அதில் 70, சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகக்கூடியது. நடையின் பலன் 175தான். மேடு ஏறினால் சற்றுக் கூடும். ஒரு ரொட்டி சானாயிலோ சுமார் 300 கலோரி!

நாள் முழுதும் கூடை சுமந்து கொழுந்து பறித்த நம் பெற்றோரின் சோற்றளவு, நாற்காலியில் வேலை பார்க்கும் நமக்குப் பொருந்தாது. ஆகவே அன்பர்களே, நடையை விடாதீர்கள். அதற்குக் கூலியாக ரொட்டியைக் கேட்காதீர்கள். தட்டில் ஒரு பிடி குறையுங்கள்.