கையெழுத்துக்குப் பின்னால் இரண்டு பகா எண்கள்

8,633 என்பது எந்த இரு பகா எண்களின் பெருக்கல்? தாளும் பென்சிலும் எடுத்து முயன்று பாருங்கள். சற்று நேரம் பிடிக்கும். ஆனால், அந்த இரு எண்களையும் அறிந்தவர் அரை நிமிடத்தில் பெருக்கிக் காட்டிவிடுவார். பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். இந்த வேறுபாட்டை நம்பி ஒரு நாடு தன் நிர்வாகத்தையே நடத்தியது.

பால்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்டோனியாதான் அந்த நாடு. மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2001இல் ‘எக்ஸ்-ரோடு’ என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பை அது தொடங்கியது. இதில் எல்லா விவரங்களும் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு துறையும் தன் பதிவேட்டைத் தானே வைத்திருக்கும். இன்னொரு துறைக்குத் தேவைப்படும்போது, குறியாக்கம் செய்யப்பட்ட வழியில் கேட்டுப் பெறும்.

2002 முதல் சில்லு பொருத்திய அடையாள அட்டை வழங்கப்பட்டது. சில்லுக்குள் இரகசியத் திறவுகோல் ஒன்று இருக்கும். அது வெளியே வராது. அதன் இணையான பொதுத் திறவுகோலை யாரும் பார்க்கலாம். அட்டைக்காரர் இரகசிய எண்ணை அழுத்தியதும், சில்லு தன் திறவுகோலால் ஆவணத்துக்கு முத்திரையிடும். அது உண்மையானதா என்பதைப் பொதுத் திறவுகோல் சரிபார்க்கும். சட்டத்தின் முன் இது பேனாக் கையெழுத்துக்குச் சமம்.

அந்த அட்டைகள் ஆர்எஸ்ஏ முறையைப் பயன்படுத்தின. இரு மாபெரும் பகா எண்களைப் பெருக்கிவரும் 617 இலக்க எண்தான் பொதுத் திறவுகோலின் முக்கியப் பகுதி. அதைப் பிரிக்க முடிந்தவர் இரகசியத் திறவுகோலையும் கண்டுபிடித்துவிடலாம். சாதாரணமாக அது இயலாத காரியம்.

2017இல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. சில்லு, நேரத்தை மிச்சப்படுத்த, குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் அமைந்த பகா எண்களையே தேர்ந்தெடுப்பதைச் செக் குடியரசின் மசரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் கண்டறிந்தனர். தேட வேண்டிய பரப்பு சுருங்கியது. போதிய கணினி வலிமை உள்ள ஒருவர், அட்டையைத் தொடாமலேயே அடுத்தவர் பெயரில் கையெழுத்திட வழி பிறந்தது. பாதிக்கப்படக்கூடிய அட்டைகள் சுமார் 760,000.

உடனே எல்லாவற்றையும் முடக்கினால் மருந்துச் சீட்டு முதல் வரிக் கணக்குவரை தடைபடும். முடக்காவிட்டால் ஆபத்து. அரசாங்கம் செப்டம்பரில் உண்மையை மக்களிடம் கூறியது. தாக்குதலுக்குப் பொதுத் திறவுகோல் தேவை என்பதால், அவற்றின் பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து அகற்றியது. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தலின் இணைய வாக்களிப்பு திட்டமிட்டபடி நடந்தது. நவம்பர் 3 நள்ளிரவில், புதுப்பிக்கப்படாத அட்டைகளின் சான்றிதழ்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

மீள முடிந்தது எப்படி? அதே சில்லு ‘எலிப்டிக் கர்வ்’ என்ற வேறொரு கணித முறையையும் செய்யவல்லது. அதனால் பலர் அட்டையை மாற்றாமல், வீட்டுக் கணினியிலேயே புதுத் திறவுகோல் பெற்றனர். இந்தக் குறைபாடு இல்லாத கைப்பேசி அடையாளமும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது.

சேவைகளை மின்னிலக்கமாக்கும் எந்த நாடும் இதைக் கவனிக்கலாம். எஸ்டோனியாவின் பூட்டில் குறை இருந்தது. ஆனால், பூட்டை மாற்றும் வழி கதவிலேயே அமைந்திருந்தது.

(விடை: 89, 97)