கடல் காணாச் சிறார்க்குக் கடல்வழி வரலாறு: வேடம் புனைந்து கற்பித்தல்

முன்னுரை

குச்சனூரிலிருந்து கடலைக் காண வேண்டுமாயின், மேற்கே மலை கடந்து மலையாளக் கரைக்கோ, கிழக்கே மதுரை கடந்து இராமநாதபுரக் கரைக்கோ செல்லுதல் வேண்டும். நெல்வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த இப்பகுதிச் சிறாருட் பலர் கடலைப் படத்திலேயே கண்டவர்கள். இவர்கட்குக் கடல்வழி வரலாற்றை எங்ஙனம் கற்பிப்பது? ஆசிரியர் அக்கால மாந்தராக வேடம் புனைந்து மாணவர்முன் தோன்றிப் பேசுதல் ஒரு வழி. அவ்வழியின் பயனையும், அதில் வேண்டப்படும் எச்சரிக்கையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

செக்கும் கப்பலும்

சில ஆண்டுகட்கு முன் இப்பகுதிப் பள்ளியொன்றின் மாறுவேடப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். மூன்று சிறுவர் வ.உ.சிதம்பரனாராக வந்தனர். மூவரும் அட்டையாற் செய்த செக்கையே இழுத்தனர். ஒருவனை அழைத்து, “உங்கள் கப்பலின் பெயர் என்ன, ஐயா?” என்று வினவினேன். அவன் விழித்தான். “செக்கு மட்டுந்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க” என்றான். அவையோர் நகைத்தனர். எனக்கோ நகை வரவில்லை. என் வகுப்பிலும் நான் செக்கை உருக்கமாகச் சொல்லியிருக்கிறேனேயன்றிக் கப்பலைச் சொன்னதில்லை.

அதே மேடையில் மற்றொரு சிறுவன் நீண்ட அங்கியும் ஒட்டுத்தாடியுமாக “அரபு நாட்டு வணிகர்” என்று வந்தான். கடல் வணிகத்தில் இசுலாமியர் என்றால் அயலிலிருந்து வந்தவர் என்பதே அவ்வேடம் தந்த பாடம். அதனைக் கண்ட பிள்ளைகளுள் இசுலாமியப் பிள்ளைகளும் இருந்தனர் என்பதை நான் மறக்கவில்லை.

சொல்லாமல் விடப்பட்ட செய்தி

1906ஆம் ஆண்டு அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கழகம் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் பெருவணிகர் 8,000 பங்குகளை 2 இலட்சம் ரூபாய்க்குப் பெற்றார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓடிற்று. எதிர்த்து நின்ற ஆங்கிலக் கப்பற் குழுமம் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்டார். அதன் பின்னரே செக்கு. 1911இல் கழகம் கலைக்கப்பெற்றது.

செக்கு ஒருவரின் துயரத்தைக் காட்டும். கப்பலோ பலர் கூடிச் செய்த முயற்சியைக் காட்டும். முன்னதை மட்டும் காணும் பிள்ளை இரக்கம் கற்பான். கூடி வாழும் முறையைக் கற்கமாட்டான்.

வகுப்பறையில் ஒரு கப்பல்

இதனை நடத்திக் காட்டல் எளிது. வகுப்பில் 40 மாணவர் இருப்பின் 40 சீட்டுகள் எழுதுக. ஒவ்வொன்றும் 1,000 பங்கு. ஆசிரியர் வ.உ.சி.யாக வந்து பங்கு கேட்க வேண்டும். பக்கீர் சேட்டாக நிற்கும் மாணவன் 8 சீட்டுகளை வாங்குவான். ‘ஐந்தில் ஒரு பங்கு ஒருவருடையது’ என்பதைப் பிள்ளைகளே கணக்கிட்டுரைப்பர். பின்னர் வேறோர் ஆசிரியர் ஆங்கிலக் குழுமத்தின் முகவராக வந்து, “கட்டணம் வேண்டா, குடையும் உண்டு, யார் ஏறுகிறீர்?” என்று கேட்கட்டும். சில கைகள் உயரத்தான் செய்யும். அக்கைகளைக் கடிந்துகொள்ளலாகாது. கழகம் எங்ஙனம் நலிந்தது என்பதை அவை தாமே உணரும்.

கடலுக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவையும் பொருள்களைக் கொண்டே காட்டலாம். முற்காலத்தில் இந்துமாக்கடலிற் சென்ற கலங்கள் பலவற்றில் பலகைகளை ஆணியால் அறையாது தென்னைநார்க் கயிற்றால் தைத்தனர். 1980–81இல் டிம் செவரின் என்பார் அம்முறையிற் கட்டிய கலத்தில் ஓமானிலிருந்து சீனம் வரை சென்றார். குச்சனூர்ச் சிறுவனுக்குத் தென்னைநார் புதிதன்று. துளையிட்ட இரு பலகைகளை அவன் கையாலேயே தைக்கச் செய்தால், கப்பல் அவனுக்கும் உறவாகிவிடும். நம் முல்லைப்பெரியாற்று நீர் கலக்கும் வைகை, கடலை நெருங்குமிடத்தில் அழகன்குளம் உள்ளது. அங்கு நிகழ்ந்த அகழாய்வில் கப்பல் உருவம் கீறிய பானையோடு கிடைத்துள்ளது.

தன்மையும் படர்க்கையும்

அமெரிக்காவின் பிளிமத் நகரில், 1957இல் கடல் கடந்து வந்த மேஃபிளவர் கப்பலின் மறுபடைப்பு நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டு உடையணிந்தோர் அங்குச் சிறார்க்குப் பாடம் சொல்வர். இத்தகைய கற்பித்தலில் இரு முறைகள் உள. வேடத்தில் நின்று “நான்” எனப் பேசுவது ஒன்று. வேடத்தோடே “அவர்கள்” என விளக்குவது மற்றொன்று. தமிழிலக்கணம் கூறும் தன்மையும் படர்க்கையும் இவையே. தெருக்கூத்தில் வேடதாரியும், வில்லுப்பாட்டில் கதைசொல்லியும் நமக்கு இவற்றை முன்பே காட்டியுள்ளனர்.

இவண் ஓர் எச்சரிக்கை வேண்டும். பிள்ளைகள் காதாற் கேட்டதை மறப்பர். கண்ணாற் கண்டதை மறவார். 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படத்திற்குப் பின் பலர் நெஞ்சில் வ.உ.சி.யின் முகம் சிவாஜி கணேசனின் முகமாகவே நின்றது. ஆதலின் பாடம் முடிந்ததும் ஆசிரியர் பிள்ளைகள் முன்னிலையிலேயே வேடத்தைக் களைதல் வேண்டும். “பங்குக் கணக்கு வரலாறு, நான் பேசிய பேச்சு என் கற்பனை” என்று பிரித்துக் கூறுதல் வேண்டும். ஒட்டுத்தாடியும் அங்கியும் எளிதிற் கிடைக்கின்றன என்பதற்காக அவற்றை அணிவித்தல் தகாது. கீழக்கரையிலும் காயற்பட்டினத்திலும் கலம் செலுத்திய மரைக்காயர்கள் தமிழ் பேசியவர்கள். கடல் வணிகரான வள்ளல் சீதக்காதி உமறுப் புலவரைப் புரந்தவர். அவர்களை அயலாராகக் காட்டும் வேடம் அழகாயினும் பிழையே.

முடிவுரை

ஊர்ப் பெரியோர்க்கும் இதிற் பங்குண்டு. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்று மீண்ட முன்னோரின் கடிதமோ, தகரப் பெட்டியோ, பயணச் சீட்டோ இல்லத்தில் இருக்குமாயின், ஒருநாள் பள்ளிக்குத் தந்துதவுக. அதனினும் சிறந்த வேடப்பொருள் பிறிதில்லை.

அடுத்த ஆண்டும் மாறுவேடப் போட்டி வரும். செக்கிழுக்கும் சிறுவனும் வருவான். வரட்டும். அவனருகே காலியாவின் பெயரறிந்த மாலுமியும், 8 சீட்டுகளைக் கையிற் பிடித்த பக்கீர் சேட்டும் நிற்குமாறு செய்வது ஆசிரியராகிய நம் கடன்.