பழைய மோடமும் ஹாம் ரேடியோவும்

கேள்வி: டெலிபோனுக்கென்று செய்த மோடத்தை ரேடியோவில் மாட்டிக் கணினித் தகவல் அனுப்பினார்களாமே! யார் ஆரம்பித்தது?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கணினிகளைக் கம்பியில்லாமல் பேச வைத்ததில் முந்திக்கொண்டது ஹவாய் பல்கலைக்கழகம். நார்மன் ஆப்ராம்சன் குழு 1971இல் 'அலோகாநெட்'டை இயக்கித் தீவுகளை இணைத்தது. வேகம் நொடிக்கு 9,600 பிட். எல்லா நிலையங்களும் ஒரே அலைவரிசையில் அனுப்பும். இரண்டு தகவல்கள் மோதிக்கொண்டால் 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வராது. அனுப்பிய கணினி இஷ்டத்துக்குக் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அனுப்பும். இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டுதான் ராபர்ட் மெட்காஃப் 1973இல் ஈத்தர்நெட்டை உருவாக்கினார்.

ஆனால் நீங்கள் கேட்ட டெலிபோன் மோடத்தைக் கையில் எடுத்தவர்கள் 'ஹாம்' எனப்படும், உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்கும் ஆர்வலர்கள். கனடாவின் மாண்ட்ரீல் நகரத்து ஹாம்கள் 1978 மே 31 அன்று முதல் 'பாக்கெட்'டை, அதாவது கணினித் தகவலின் சிறு பொட்டலத்தை, ரேடியோவில் அனுப்பினார்கள். 1980இல் வான்கூவர் குழு இதற்கென்றே ஒரு சர்க்யூட் பலகை செய்தது. அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனிகள் கழித்துப்போட்ட 'பெல் 202' மோடம்கள் அப்போது மலிவாகக் கிடைத்தன; ஹாம்கள் அவற்றை வாங்கி ரேடியோவோடு இணைத்தார்கள்.

கேள்வி: டெலிபோன் மோடம் ரேடியோவுக்கு எப்படிப் பொருந்தியது?
– கல்லூரி மாணவி, சிதம்பரம்

பதில்: மோடம் கம்பியில் அனுப்புவது வெறும் சத்தத்தைத்தான். பெல் 202இல் '1' என்றால் 1,200 ஹெர்ட்ஸ் ஒலி, '0' என்றால் 2,200 ஹெர்ட்ஸ் ஒலி. இரண்டுமே மனிதக் குரலின் எல்லைக்குள் வருகின்றன. குரல் போகிற வழியில் இந்தக் கீச்சொலியும் போகும். அதனால் மோடத்தின் ஒயரை ரேடியோவின் மைக் முனையில் கொடுத்தார்கள், எதிர்முனையில் ஸ்பீக்கரிலிருந்து எடுத்தார்கள்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பெல் 202 ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் முழு வேகத்தில் பேசும். வாக்கி டாக்கியும் அப்படித்தான்: ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது மற்றவர் கேட்கத்தான் முடியும். பொத்தான் அழுந்தியதும் ரேடியோ உடனே தயாராகாது என்பதால், மோடம் ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் காத்திருந்துவிட்டே தகவலை ஆரம்பிக்கும்.

1984இல் வந்த 'ஏஎக்ஸ்.25' விதிமுறை, ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புபவர், பெறுபவர் இருவரின் அழைப்புக்குறியையும் (ஹாமின் அடையாளக் குறி) வைத்தது. கடைசியில் பிழை பார்க்கும் எண். கணக்கு ஒத்துவராவிட்டால் அந்தப் பாக்கெட் தள்ளுபடி.

வேகம்? நொடிக்கு 1,200 பிட், அதாவது 150 பைட். யூனிகோடில் 'கடலூர்' என்று எழுத 18 பைட் போதும். கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். செல்போனில் எடுத்த 1 எம்பி படத்துக்கோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம்!

கேள்வி: நம் கடற்கரைப் பக்கம் ரேடியோவில் தகவல் அனுப்பியது உண்டா?
– வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: உண்டு, கடலூரை ஒட்டிய புதுச்சேரியில். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கிராமங்களில் டெலிபோன் வசதி சரியாக இல்லாததால், வில்லியனூரில் தலைமை மையம் வைத்து, விஎச்எஃப் ரேடியோ மூலம் குரலையும் கணினித் தகவலையும் கிராமங்களுக்கு அனுப்பினார்கள்.

இதில் நேரடியாகப் பலன் கண்ட ஊர் வீராம்பட்டினம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் இறக்கி, மீனவர் குப்பத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்; அதைக் கேட்டுவிட்டுப் படகை இறக்குவதா வேண்டாமா என்று மீனவர்கள் முடிவு செய்யலாம்.

கடலூர் எல்லைக்குச் சற்று வடக்கே இருக்கும் நல்லவாடு கிராமத்திலும் இந்த நிறுவனத்தின் மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமி பற்றி டெலிபோனில் எச்சரிக்க, ஒலிபெருக்கியில் சொல்லி ஊரையே காலி செய்தார்கள். அதே சுனாமிக்குப் பிறகு அந்தமானில் டெலிபோன் முடங்கியபோது, ஹாம் பயணக் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ஆர்வலர் பாரதி பிரசாத், ரேடியோ வழியே செய்திகளைக் கரை சேர்த்தார்.

கேள்வி: இன்றைக்கும் அந்த மோடத்தின் கீச்சொலியைக் கேட்க முடியுமா?
– அதே வாசகர்

பதில்: தாராளமாக. அதே 1,200 பிட் கீச்சொலியில்தான் ஹாம்களின் 'ஏபிஆர்எஸ்' இன்றும் இருப்பிடத் தகவலை அனுப்புகிறது. மோடம் பெட்டிகூட வேண்டாம். கணினியின் சவுண்ட் கார்டும் ஒரு மென்பொருளும் போதும். திருப்பி அனுப்பத்தான் ஹாம் உரிமம் வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஹாம் கருவி 145.825 மெகாஹெர்ட்ஸில் பாக்கெட்டுகளை வாங்கித் திரும்ப அனுப்பும். அது இயங்கும் நாட்களில், நிலையம் தலைக்கு மேலே கடக்கும் பத்து நிமிடத்துக்குள் அந்த அலைவரிசையைப் பிடித்தால் 'கர்ர்' என்ற சின்னச் சின்ன வெடிப்புகளாகக் கேட்கும்.