அரிசிச் சோற்றை நம்பலாம், பெருங்காயத்தை நம்ப முடியாது

சீலியாக் நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளோடு வீடு திரும்பும் பலருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் அந்தப் பெயரே புதிது. அதற்குக் காரணம் இருக்கிறது. வேலூர், ஹரியானா, அசாம் ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. வடக்கே ஆயிரம் பேரில் எட்டு, ஒன்பது பேருக்கு இந்த நோய் இருந்தது. தெற்கே பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான். இத்தனைக்கும் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. வேறுபாடு தட்டில் தெரிந்தது: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம்.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் உள்ள தண்டலத்தில் இந்த இரண்டு இந்தியாவும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் ஆலைகளுக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ரொட்டியோடு வந்தார்கள். நம் ஆட்களும் ராத்திரி பரோட்டா, சர்க்கரை வந்தால் சப்பாத்தி என்று மாறிவிட்டார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளுட்டன் என்ற புரதம் சிலருடைய உடலைத் தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கச் செய்கிறது. அதனால் சாப்பாட்டின் சத்து ஒட்டாமல் போகிறது. ஓயாத வயிற்றுப்போக்கு, மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை, வளராத பிள்ளை என்று அது வெளியே தெரியும். இதற்கு மருந்து கிடையாது. குளுட்டன் இல்லாத சாப்பாட்டை வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுவதுதான் வைத்தியம். அரிசி விளையும் ஊரில் இதைச் செய்ய முடியும், செலவு குறைவாகவும் செய்ய முடியும். இங்கே கோதுமை பெரும்பாலும் நாம் பார்க்காத இடத்தில் ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்கும் வேலைதான் பெரிது.

1. பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

சந்தேகம் வந்த அன்றே பலர் சப்பாத்தியை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை, அதோடு மொத்த ஐஜிஏ அளவு, பிறகு எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடலிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துப் பார்ப்பது, இதுதான் வரிசை. தண்டலத்திலேயே சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் குடல்நலப் பிரிவுகள் உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

முடிவு உறுதியானதும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குடல் ஆறும்வரை சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். சில வாரங்கள் கழித்துப் பாலைக் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கலாம்.

2. சமையலறையைப் பிரியுங்கள்

முதல் ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் உள்ளதையெல்லாம் தரையில் இறக்குங்கள். கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா, கோதுமை ரவை, சம்பா ரவை, ஓட்ஸ், பிஸ்கட், ரஸ்க், நூடுல்ஸ், சோயா சாஸ் எல்லாம் ஒரு பக்கம். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களும் அந்தப் பக்கம்தான், மால்ட் என்பது பெரும்பாலும் பார்லி. குழந்தைக்கும் பெரியவருக்கும் நல்லதென்று வாங்கிவைத்த சத்துமாவையும் அங்கேயே வையுங்கள். அதில் கோதுமையும் பார்லியும் வறுத்து அரைத்திருப்பார்கள்.

வீடு முழுக்கக் கோதுமையை நிறுத்த முடிந்தால் அதைவிட நிம்மதி இல்லை. முடியாத வீட்டில் நோயாளிக்கென்று ஒரு தோசைக் கல், ஒரு சல்லடை, ஒரு மரக் கரண்டி, ஒரு எண்ணெய்ச் சட்டி தனியாக வேண்டும். சப்பாத்தி போட்ட கல்லைத் துடைத்துவிட்டுத் தோசை வார்க்கக் கூடாது. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது. எவர்சில்வர் பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. நோயாளியின் சமையலை முதலில் முடித்து மூடிவைத்துவிட்டு, பிறகு சப்பாத்தி மாவைப் பிசையுங்கள். மாவு காற்றில் பறக்கும் பொருள்.

3. பெருங்காயம்

இதற்குத்தான் நான் நிறைய இடம் கொடுக்க விரும்புகிறேன். வடநாட்டு வழிகாட்டிகள் ரொட்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவற்றுக்குப் பெருங்காயமே தெரியாது. நம் வீட்டில் சாம்பார், ரசம், மோர், புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம், முறுக்கு, இட்லிப் பொடி என எல்லாவற்றிலும் அது விழுகிறது.

கடையில் விற்பது கூட்டுப் பெருங்காயம். உண்மையான பிசின் கொஞ்சம்தான், மீதி மாவும் கோந்தும். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. தூளாக இருந்தாலும் கட்டியாக இருந்தாலும் இதே கதை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாம்பாரில் ஒரு கிராம் தூள் போடுகிறோம், அதில் பாதி கோதுமை மாவு என்று வையுங்கள். அந்த அரை கிராம் மாவில் சுமார் 40 மில்லிகிராம் குளுட்டன் இருக்கும். நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்குப் பத்து. ரசத்தில் இன்னும் பத்து, மோரில் இன்னும் பத்து. தினமும் 50 மில்லிகிராம் குளுட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் கெடுகிறது என்று 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. சப்பாத்தியைத் தொட்டே மாதக்கணக்கானது, இன்னும் உடம்பு தேறவில்லை என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அஞ்சறைப் பெட்டியைத்தான்.

அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறது. பொருள் பட்டியலைப் படித்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பூண்டையும் சீரகத்தையும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுப் பெருங்காயத்தை விட்டுவிடலாம். பாக்கெட் சாம்பார் பொடியிலும் ரசப் பொடியிலும் பெருங்காயம் இருக்கும் என்பதால் மிளகாய், மல்லி, பருப்பு வாங்கி வீட்டில் வறுத்துக்கொள்வது மேல். அப்பளம், ஊறுகாய் பாக்கெட்டுகளிலும் பட்டியலைப் பாருங்கள்.

4. மாவு மில்

வறுத்த மிளகாயையோ கழுவிக் காயவைத்த பச்சரிசியையோ தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். உங்களுக்கு முன்னால் அந்தக் கல்லில் ஓடியது என்ன? கோதுமை என்றால் உங்கள் அரிசி மாவின் முதல் படி முழுக்க அடுத்த வீட்டுக் கோதுமை கலந்திருக்கும். கேழ்வரகு மாவும் கம்பு மாவும் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

கொஞ்சமாக மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வது பாதுகாப்பு. அளவு அதிகமானால், அரிசி மட்டும் அரைக்கத் தனி மெஷின் வைத்திருக்கும் மில்லைத் தேடுங்கள். இட்லி மாவைக் கிரைண்டரில் வீட்டிலேயே அரைத்தால் கவலையே இல்லை. பாக்கெட் கேழ்வரகு மாவு, சிறுதானிய மாவு வாங்கினால் ‘குளுட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி குளுட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் இருந்தால்தான் அப்படிப் போடலாம். கோதுமை, பார்லி, ஓட்ஸ் கலந்த பொருளில் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பதும் விதி. தானியமாக வாங்கும் சாமை, தினை, வரகு, குதிரைவாலியை முறத்தில் புடைத்து, கோதுமை மணி இருந்தால் பொறுக்கி, கழுவிக் காயவையுங்கள்.

5. தட்டில் என்ன வைப்பது

இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, பொங்கல், அரிசி உப்புமா, கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, அவல், பொரி. பட்டியலை நான் நீட்டத் தேவையில்லை, உங்கள் பாட்டி சாப்பிட்ட சாப்பாடு இது. ‘குளுட்டன் ஃப்ரீ’ பிஸ்கட்டுக்கும் பிரெட்டுக்கும் கொட்டிக் கொடுக்கும் பணத்தை முட்டைக்கும் மீனுக்கும் கீரைக்கும் கொடுங்கள். வெறும் வெள்ளைச் சோறு மட்டும் தின்றால் மலச்சிக்கலும் சத்துக்குறைவும் வரும். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, கேழ்வரகு என்று வாரத்துக்குள் மாற்றி மாற்றி வர வேண்டும். ரேஷன் அரிசியில் செறிவூட்டப்பட்ட மணிகள் கலந்திருந்தால் அவற்றைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறியாதீர்கள். இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்த அரிசி மணிகள் அவை, அந்த மூன்றுமே உங்களுக்குத் தேவை.

பக்கத்து அறையில் இருக்கும் பீகார் தம்பிக்கு இந்த நோய் என்றால் சோறு சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மக்காச்சோளம், கம்பு, சோள மாவில் அவர் ஊரிலேயே ரொட்டி சுடுவார்கள். கடலை மாவில் தோசைபோல் வார்க்கும் சீலா, வறுத்த கடலையை அரைத்த ‘சத்தூ’ மாவு, அவல் எல்லாம் அவருக்குப் பழகியவை. மாவை எங்கே அரைப்பது என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

6. கேன்டீனும் விடுதியும்

250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும், அதை நடத்துவதில் தொழிலாளர் பிரதிநிதிகள் உள்ள குழுவுக்கு இடம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு சொன்னது. டாக்டர் கடிதத்தை ஹெச்.ஆரிடம் கொடுப்பதோடு நிற்காமல், அந்தக் குழுவில் இருப்பவரிடமும் ஒரு நகல் கொடுங்கள். சில ஆலைகளில் வெளிச் சாப்பாட்டை கேட்டுக்குள் விடமாட்டார்கள். டிபன் பாக்ஸுக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிட்டால் ஒவ்வொரு ஷிப்டிலும் செக்யூரிட்டியிடம் வாதாட வேண்டாம்.

கேன்டீனில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால், பரிமாறத் தொடங்கும் முன்பே போய்ப் புதிதாகத் திறந்த பாத்திரத்திலிருந்து சோறு வாங்குங்கள். தயிர், அவித்த முட்டை, வாழைப்பழம் சேர்த்துக்கொள்ளுங்கள். குருமாவைக் கெட்டியாக்க மைதா கரைத்து ஊற்றுவது உண்டு, சாம்பாரில் பெருங்காயம் உண்டு, இரண்டும் வேண்டாம். டீ நேரத்து சமோசாவுக்கும் பப்ஸுக்கும் பதிலாகப் பையில் கடலை மிட்டாயோ வறுகடலையோ எப்போதும் இருக்கட்டும். ஓவர்டைம் திடீரென்று வரும் ஊர் இது.

விடுதியில் தங்கும் பெண்களுக்குத்தான் இது கடினம், அங்கே சமையல் அவர்கள் கையில் இல்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போக, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகே வெளியுலகம் அந்தச் சமையலறைகளைத் திரும்பிப் பார்த்தது. ஒரு சின்ன ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ள வார்டனிடம் அனுமதி கேளுங்கள். சமையல்காரரிடம் ஒரு சீட்டும் கொடுங்கள். அதில் இப்படி எழுதலாம்:

“அக்கா, எனக்குக் குடலில் நோய். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, கடைப் பெருங்காயம் ஒரு துளி சேர்ந்தாலும் உடம்பு கெடும். எனக்குச் சோற்றைத் தனிக் கரண்டியில் எடுத்து வையுங்கள். சப்பாத்தி மாவு பிசைந்த கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.”

சமையல்காரர் ஒடியா, இந்தி பேசுபவராக இருந்தால் உடன் வேலை செய்பவரிடம் சொல்லி அந்த மொழியில் எழுதி வாங்குங்கள்.

7. ஹோட்டல், கல்யாணம், கோயில், பள்ளி

ஹோட்டலில் ஆவியில் வெந்த இட்லியும் தேங்காய்ச் சட்னியும் ஓரளவு பாதுகாப்பு. தோசைக் கல்லில்தான் பரோட்டாவும் வேகும், கேட்டுக்கொள்ளுங்கள். ரவா தோசை, ரவா இட்லி, கோபி 65, ஃப்ரைடு ரைஸ் வேண்டாம். இனிப்பில் ஜிலேபி, குலாப் ஜாமூன், கோதுமை அல்வா, கேசரி ஆகாது. உளுந்தில் செய்த ஜாங்கிரி, கடலை மாவில் செய்த மைசூர்பாகு, லட்டு வீட்டில் செய்தால் சாப்பிடலாம். பீரும் பார்லிதான்.

கல்யாணப் பந்தியில் வற்புறுத்துவார்கள். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய், இலையில் வாழைப்பழமும் தயிர் சாதமும் வாங்கிக்கொண்டால் யார் மனமும் நோகாது. தயிர் சாதத்தில் பெருங்காயம் தாளிக்கவில்லையே என்று மட்டும் பாருங்கள். புளியோதரையிலும் பெருங்காயம் விழும் என்பதால், ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் காலை உணவுத் திட்டத்தைப் பற்றித் தலைமையாசிரியரிடம் பேசியே ஆக வேண்டும். ரவை, சேமியா உப்புமாவும் கிச்சடியும் அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும். பிள்ளைக்குக் காலையில் வீட்டிலேயே இட்லி கொடுத்து அனுப்புங்கள். அடுத்த பிள்ளையின் பிஸ்கட்டை ஏன் வாங்கக் கூடாது என்பதை அவனுக்குப் புரியும்படி சொல்லிவையுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் இதைப் புரிந்துகொள்ளும்.

8. தவறினால், பிறகு

தெரியாமல் ஒரு வாய் போய்விட்டால் வயிறு வலிக்கலாம், போக்கு வரலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். தண்ணீரும் கஞ்சியும் குடித்து அடுத்த வேளையிலிருந்து ஒழுங்காக இருங்கள். வலி இல்லை என்பதால் ஒத்துக்கொண்டது என்று நினைத்துத் தொடரக் கூடாது. வெளியே தெரியாமலே குடல் கெடும்.

ஆறு மாதத்தில் டிடிஜி பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. பெரியவர்களுக்கு அது சரியான அளவுக்கு இறங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இறங்காமல் நின்றால் மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் திரும்பிப் போய்ப் பெருங்காயத்தையும் மில்லையும் பாருங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை தேவை. நெருங்கிய சொந்தத்தில் பத்தில் ஒருவருக்கு வரை இது இருக்கலாம். ஊரில் இருக்கும் அக்காவுக்கு நெடுநாள் ரத்தசோகை என்றால் அவரை முதலில் கூட்டிக்கொண்டு போங்கள். இன்று இல்லை என்று வந்த பிள்ளைக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.